எதிர்க்காற்றில் சைரன்

மே 9

தம்பிக்கு,

போனில் உன் குரலைக் கேட்க எனக்கு விருப்பமில்லை. அதனால்தான் கடிதம். நீயும் போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். சொல்வதற்கு ஏதாவது இருந்தால் எழுது. எழுத்தில் இருந்தால் பிறகு மாற்றிப் பேச முடியாது.

நேற்று விசாரணைக் குழுவிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். ஏப்ரல் இருபத்தேழாம் தேதி மதியம் அணையில் பணியில் இருந்தவர் உங்கள் உடன்பிறந்த தம்பிதானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். உங்கள் கணவர் பாலத்தடியில் வேலை செய்தது அவருக்குத் தெரியுமா என்றார். தெரியாது என்று நீ சொல்லியிருக்கிறாயாம். அதை நம்புகிறேன். உன் மாமா புதன்கிழமை பாலத்துக்குப் போவதாக இருந்ததைத் திங்கட்கிழமைக்கு மாற்றியது அவருடைய அலுவலகம்.

ஆனால் கீழே யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மதகைத் திறக்கும் முன் சைரன் அடிப்பது உன் வேலை. ஆற்றுக்குள் தண்ணீர் வருகிறது, மேலே ஏறுங்கள் என்று சொல்ல அந்த ஒரு சத்தம்தான் இருக்கிறது. பாலத்தூணில் விரிசல் அளந்துகொண்டிருந்த மனிதருக்கு அந்தச் சத்தம் வரவில்லை. தண்ணீர் வந்தது.

நீ சைரன் அடிக்கவில்லை. மறந்தாயோ, தூங்கினாயோ, பிறகு அடித்துக்கொள்ளலாம் என்று இருந்தாயோ, எனக்குத் தெரியாது. உன் கையால் எழுதி அனுப்பு.

அக்கா

*

மே 13

அக்காவுக்கு,

நலமா என்று கேட்டால் அதற்கும் ஒரு வழக்குப் போடுவாய். கேட்கவில்லை.

மாமாவைக் கொண்டுவந்து கிடத்திய அன்று வாசலில் கையை நீட்டி என்னைத் தடுத்தாய். நாலு பேர் பார்க்க, "நீ உள்ள வராத" என்றாய். அவர் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. இந்த வேலைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவரே அவர்தான். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கிறது என்று சொல்லி, அவரே உட்கார்ந்து முத்து முத்தாக எழுதினார். அதை நீ மறந்திருப்பாய். எனக்கு மறக்காது.

இப்போது கேட்டதற்குப் பதில். அன்று மலையில் கோடை மழை. மேல் அணையில் திறந்துவிட்டார்கள். இங்கே மட்டம் மளமளவென்று ஏறியது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன் வந்தது. இரண்டு இருபதுக்கு முதல் சைரன். ஒரு நிமிடம் அடித்து, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி. மொத்தம் மூன்று முறை. சைரன் என் தலைக்கு மேலே முப்பது அடியில் இருக்கிறது. அடிக்கும்போது மேசையில் தண்ணீர் டம்ளர் நடுங்கும். அடித்தேனா இல்லையா என்று எனக்கே சந்தேகம் வர நான் என்ன குடித்துவிட்டா உட்கார்ந்திருந்தேன்?

பதிவேட்டில் எழுதியிருக்கிறது. போய்ப் பார்.

என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அம்மா என் வீட்டில் இருக்கிறாள், ஆனால் என்னிடம் பேசுவதில்லை. உன் பேரைச் சொன்னாலும் எழுந்து போய்விடுகிறாள். இரண்டு பிள்ளைகளில் யாரை நம்புவது என்று அவளுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

தம்பி

*

மே 20

தம்பிக்கு,

பதிவேட்டைப் பார்த்தேன். நீ எழுதிய பதிவேடு நீ சொன்னதையே சொல்கிறது. அதில் என்ன ஆச்சரியம்?

நான் ஆட்களைப் பார்த்தேன். பாலத்தின் இரு கரையிலும் பதினொரு பேர். கரையோரம் காய்கறித் தோட்டத்தில் வேலை செய்த பெண்கள் நால்வர். பம்ப் ஷெட்டில் மோட்டார் பழுது பார்த்தவர். பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திவிட்டு டயர் மாற்றிய டிரைவர். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன், மற்றவர் சொன்னது காதில் விழாமல். சைரன் கேட்டதா? பத்துப் பேர் இல்லை என்றார்கள். ஒரு பெண் மட்டும், "ரொம்பத் தூரத்துல மாடு கத்துன மாதிரி விட்டு விட்டுக் கேட்டுச்சும்மா" என்றாள். சைரன் மாடு மாதிரிக் கத்தாது.

இன்னொன்று உனக்கும் தெரியும். அந்த சைரனை நிறுவியபோது எந்த இடத்தில் எவ்வளவு கேட்கும் என்று ஒலி அளந்து வரைபடம் போட்டவள் நான். என் கையெழுத்துடன் அது உங்கள் மதகு அறைச் சுவரில் தொங்குகிறது. அணையிலிருந்து பாலம் ஒன்றே முக்கால் கிலோமீட்டர். பாலத்தடியில் எண்பத்திரண்டு டெசிபல். நூறு அடியில் நின்று லாரிக்காரன் ஹாரனை அமுக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. காது கொஞ்சம் மந்தமானவனும் துள்ளி எழுவான்.

ஒன்று கருவி பொய் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நீ. கருவிக்குப் பொய் சொல்லத் தெரியாது.

இதை விசாரணைக் குழு முன்னால் சொல்லிவிட்டேன். அதிகாரி திரும்பவும் கேட்டார், "உங்க தம்பின்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?" தெரிந்துதான் சொல்கிறேன் என்றேன். கொலை என்ற சொல்லையும் சொன்னேன். அவர் அதை எழுதிக்கொண்டார்.

அக்கா

*

மே 26

அக்காவுக்கு,

கொலைகாரனிடமிருந்து வரும் கடிதம். கையுறை போட்டுக்கொண்டு பிரி.

நீ கீழே போய்ப் பதினொரு பேரைப் பார்த்தாய். நான் மேலே போனேன். வேலைதான் இல்லையே, நிறைய நேரம் இருக்கிறது. அணைக்குப் பின்னால் மூன்று கிலோமீட்டரில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறதே, அதன் தலைமை ஆசிரியையைப் பார்த்தேன். "மூணு தடவை அடிச்சுது. பசங்க காதைப் பொத்திக்கிட்டாங்க, பாடமே நடத்த முடியல" என்றார். எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். குன்றின் மேல் டவர் காவலாளியும் அதையே சொன்னார். அவருக்கும் எனக்கும் முன்பின் பழக்கம் கிடையாது.

பின்னால் மூன்று கிலோமீட்டரில் காது கிழிகிறது. முன்னால் இரண்டு கிலோமீட்டருக்குள் மாடு கத்துகிறது. இது ஏன் என்று என் புத்திக்கு எட்டவில்லை. உன் புத்திக்கு எட்ட வேண்டும். அதற்குத்தானே ஊரெல்லாம் மைக்கைத் தூக்கிக்கொண்டு அலைந்து பட்டம் வாங்கினாய்?

அந்த வரைபடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒன்பது வருடமாக அதைப் பார்த்துக்கொண்டுதான் வேலை செய்தேன். உன் பேர் இருக்கிறதே என்று புதிதாக வருபவர்களிடம் பெருமையாகக் காட்டுவேன். இப்போதுதான் கேட்கத் தோன்றியது. எந்த மாதம் அளந்தாய்? எத்தனை மணிக்கு? பழைய வாட்ச்மேனைத் தேடிப் பிடித்தேன். "ஜனவரிப்பா. விடிஞ்சும் விடியாம வருவாங்க. ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு நடுங்குவாங்க. ஒரு இலைகூட ஆடாது" என்றார்.

ஏப்ரல் மாத மதியம் இரண்டு மணிக்கு அந்த ஆற்றில் நின்று பார்த்திருக்கிறாயா? மணல் கொதிக்கும். கீழேயிருந்து அணையைப் பார்த்து அடிக்கும் காற்றில் தொப்பி நிற்காது. அது உன் வரைபடத்தில் எந்த மூலையில் இருக்கிறது?

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். உனக்கு முதுகே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

ஒரே ஒரு வேண்டுகோள். மாமாவோடு அன்று வேலை செய்த நாடாக்காரரைப் பார்க்கப் போகாதே. அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிப்பவர், பிழைத்தவர். காலில் கட்டோடு படுத்திருக்கிறார். அவரைத் தொந்தரவு செய்யாதே.

தம்பி

*

ஜூன் 2

தம்பிக்கு,

நீ கேட்டது நியாயமான கேள்வி. நீ கேட்டாய் என்பதற்காக அது அநியாயமாகிவிடாது.

ஜனவரிதான். காலை ஐந்தரை முதல் ஏழு வரை, மூன்று நாள். லாரிச் சத்தம் குறுக்கிடாத நேரம் என்று அந்த நேரத்தைக் கேட்டு வாங்கியவள் நானே. சுத்தமான அளவு கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேன்.

நேற்று ஒன்றாம் தேதி. மாதச் சோதனைக்காக சைரன் அடிப்பார்கள் என்பதால், இந்த முறை இரண்டு மணிக்கு அடிக்கச் சொல்லிக் குழுவிடம் உத்தரவு வாங்கினேன். கருவியோடு பாலத்தடியில் போய் நின்றேன். அவர் நின்ற அதே மூன்றாம் தூணின் காலடியில். உன்னைப் பொய்யன் என்று நிரூபிக்கத்தான் போனேன். மறைக்கவில்லை.

அணையில் நின்ற ஆளுக்குப் போன் போட்டு, "அடிச்சாச்சா?" என்றேன். "அடிச்சுக்கிட்டே இருக்கோம் மேடம்" என்றார். போனுக்குள் அலறியது. போனைக் காதிலிருந்து எடுத்தேன். ஆற்றில் காற்றுச் சத்தம் மட்டும்தான் இருந்தது. பிறகு எங்கிருந்தோ ஒரு முனகல், நான்கைந்து நொடி. அப்புறம் ஒன்றுமில்லை. மறுபடி ஒரு துண்டு, இன்னும் தேய்ந்து. ஒரு நிமிடச் சைரனில் என் காதுக்கு வந்தது மூன்று துண்டு. கருவியில் சைரனின் சுருதியை மட்டும் பிரித்துப் பார்த்தால் சராசரி நாற்பத்தொன்பது. காற்றின் இரைச்சலே ஐம்பத்தைந்து.

ஏன் என்று கேட்டாயே. விடியற்காலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கிடக்கும், மேலே இருப்பது வெதுவெதுப்பாக இருக்கும். அப்போது ஒலி மேலே தப்பிப் போகாமல் வளைந்து கீழே இறங்கும், வெகுதூரம் தரையோடு தவழும். வெயில் நேரத்தில் எல்லாம் தலைகீழ். தரைக் காற்று கொதிப்பதால் ஒலி மேல்நோக்கி வளைகிறது. எதிர்க்காற்று வேறு. காற்று தரையில் மெதுவாகவும் உயரத்தில் வேகமாகவும் வீசும், அதனால் எதிரே போகும் ஒலியை அது இன்னும் தூக்கிவிடும். சைரன் பாலத்தின் தலைக்கு மேலே போய்விடுகிறது. கீழே நிற்பவன் நிழலில் நிற்கிறான், ஒலி விழாத நிழல். அணைக்குப் பின்னால் இருப்பவர்களுக்குக் காற்று சாதகம், அங்கே ஒலியைத் தரைக்கே வளைத்து இறக்கிவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் காது கிழிந்தது அதனால்தான்.

அப்படியானால் அந்தத் துண்டுகள் எப்படி வந்தன? வெயிலில் மணலுக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஆள் நெளிவதைப் பார்த்திருப்பாய். காற்று அங்கே ஒரே சீராக இல்லை. சூடும் குளிர்ச்சியுமாகச் சின்னதும் பெரியதுமாய்ச் சுழிகள் புரண்டுகொண்டே இருக்கும். மேலே போகும் ஒலி அவற்றில் பட்டுச் சிதறி, கொஞ்சம் நிழலுக்குள்ளும் தெறிக்கும். எப்போது தெறிக்கும், எவ்வளவு தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. சுழி நகர்ந்தால் அதுவும் போய்விடும்.

இதெல்லாம் எனக்கு இருபத்திரண்டு வயதிலேயே தெரியும். பரீட்சையில் எழுதியிருக்கிறேன்.

நீ சைரன் அடித்தாய் என்று ஒப்புக்கொள்கிறேன். இதனால் நீ நல்லவன் ஆகிவிடவில்லை. ஒன்பது வருடம் அந்தக் காற்றில் வேலை செய்தாயே, கீழே கேட்கிறதா என்று ஒரு நாளாவது இறங்கிப் பார்த்தாயா? சுவரில் ஒரு காகிதம் தொங்கினால் போதும், உனக்கு உறக்கம் வந்துவிடும்.

நாடாக்காரரைப் பார்க்காதே என்று நீ எழுதியதுதான் உறுத்துகிறது. எதை மறைக்கிறாய்? ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.

அக்கா

*

ஜூன் 5

அக்காவுக்கு,

போகாதே.

சைரன் அடித்தேன் என்று நீ ஒப்புக்கொண்டதே எனக்குப் போதும். இனி நீ என்னைப் பார்க்கவே வேண்டாம், பேசவே வேண்டாம். ஆனால் அங்கே மட்டும் போகாதே. காலில் விழுந்து கேட்பதாக வைத்துக்கொள். எனக்காகச் சொல்லவில்லை.

தம்பி

*

ஜூன் 9

தம்பிக்கு,

போனேன்.

சின்ன வீடு. கட்டில், அதன் காலில் சாய்த்து வைத்த ஊன்றுகோல், ஜன்னலில் காயும் துணி. அவர் மனைவி எனக்கு ஒரு ஸ்டூலைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள், என்னைப் பார்க்கப் பிடிக்காதவள் போல. நாடாக்காரர் கையை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தார். "உங்க தம்பி வந்தாரும்மா. யார் கேட்டாலும் எல்லாம் சொல்லுங்க, எங்கக்கா கேட்டா மட்டும் இதைச் சொல்லாதீங்கன்னு கையப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு" என்றார்.

சொல்லாமல் எழுந்திருக்க மாட்டேன் என்றேன். சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன். நீ ஏற்கெனவே கேட்டதுதான். இருந்தாலும் என் கையாலும் ஒரு முறை எழுத வேண்டும்.

"ரெண்டு மணி தாண்டி இருக்கும்மா. என்னமோ கேட்டுச்சு. சார் தலையத் தூக்கினாரு. சைரன் மாதிரி இல்ல சார், ஏறிடுவமான்னேன். அவரு கொஞ்ச நேரம் காதக் குடுத்துக் கேட்டாரு. அப்புறம் சிரிச்சாரு. 'சைரன்னா இப்படியா முனகும்? எங்க வீட்டம்மா அளந்து வச்ச சைரன்யா அது. இந்த இடத்துல அடிச்சா பல்லு ஆடும்னு சொல்லியிருக்கா. இது எங்கயோ லாரி. நீ நாடாவப் பிடி' அப்படின்னாரு. மறுபடியும் கேட்டுச்சு. அவரு குனிஞ்சுட்டாரு."

அவ்வளவுதான். அவர் காதில் விழுந்தது. நாடாக்காரருக்கும் விழுந்தது. வெறும் காதை நம்பியிருந்தால் இருவரும் ஏறியிருப்பார்கள். அவர் என்னை நம்பினார்.

கல்யாணமான புதிதில் அவரிடம் என் வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பேன். அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்பார். கேட்கவில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

இனி உனக்கு. எனக்குத் தெரியக்கூடாது என்று முடிவு செய்ய உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? நான் உன்னைக் கொலைகாரன் என்று எழுதிக்கொண்டிருந்தேன். நீ இதை மடியில் கட்டிக்கொண்டு, பாவம் அக்கா என்று உட்கார்ந்திருந்தாய். எடுத்து என் முகத்தில் எறிந்திருக்கலாம். நான் எறிந்திருப்பேன். உன் பெருந்தன்மை எனக்கு வேண்டாம். அதைவிட உன் ஏச்சே மேல்.

நேற்று குழுவிடம் போய்ப் புதிய வாக்குமூலம் கொடுத்தேன். வரைபடம் தவறு, அளந்த நேரம் தவறு, அதைத் தேர்ந்தெடுத்தவள் நான். எதிர்க்காற்றிலும் வெயிலிலும் பாலத்தடியில் சைரன் கேட்காது என்று ஒரு வரி எழுதியிருந்தால் பாலத்தடியிலேயே இரண்டாவது சைரன் வைத்திருப்பார்கள். அந்த வரியை நான் எழுதவில்லை. அவர் கடைசியாகச் சொன்னதையும் சொன்னேன். "இதை எழுதணுமா மேடம்?" என்று அதிகாரி கேட்டார். எழுதுங்கள் என்றேன். உன் மேல் சொன்ன அந்தச் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. நடந்ததைத் தெரிவிக்கிறேன்.

அக்கா

*

ஜூன் 21

அக்காவுக்கு,

என்னைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். பணியாளர் மீது தவறில்லை, விதிப்படி செயல்பட்டார் என்று காகிதம் கொடுத்தார்கள். எல்லோரும் கை கொடுத்தார்கள். அம்மாவும் ஒரு மாதம் கழித்து என்னோடு பேசினாள். "நீ அடிச்சியாமே" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப சரி" என்றாள்.

அந்த "அப்ப சரி" நாலு நாளாகக் காதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டுக் கிழித்துப்போடு, இல்லை போலீசில் கொடு. உன் இஷ்டம்.

முதல் சைரனுக்குப் பிறகு பதினைந்து நிமிடம் காத்திருந்துதான் மதகைத் தூக்க வேண்டும். விதி அதுதான். ஆற்றில் இருப்பவன் ஏறுவதற்கான அவகாசம். இரண்டு இருபதுக்கு அடித்தேன். அப்படியானால் இரண்டு முப்பத்தைந்துக்குத் திறக்க வேண்டும். கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன் மேல் போன். "மட்டம் ஏறுது, என்னய்யா பண்ற, கையக் கட்டிக்கிட்டு நிக்கிறியா? அணை போனா நீயா பொறுப்பு?" நானும் பைனாகுலரில் பார்த்தேன். வெறும் மணல். மாமா தூணுக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறார். மூன்று தடவை அடித்தாயிற்று, யாரும் இல்லை, காத்திருந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. இரண்டு முப்பத்தொன்றுக்குத் தூக்கினேன். பதிவேட்டில் முப்பத்தைந்து என்று எழுதினேன். ஒன்றிரண்டு நிமிடம் முன்னே பின்னே ஆனால் எல்லோரும் அப்படித்தான் எழுதுவோம்.

நாலு நிமிடம்.

நாடாக்காரர் என்னிடம் இன்னொன்றும் சொன்னார், உன்னிடம் சொன்னாரோ என்னவோ. அன்று அவர்கள் வேலையை முடித்துவிட்டார்கள். நாடாக்காரர் ஏணியோடு கரை ஏறிவிட்டார். மாமா நாடாவைச் சுற்றிக்கொண்டே பின்னால் வந்துகொண்டிருந்தார். கரைக்கும் அவருக்கும் பதினைந்து அடிதான். தண்ணீர் அப்போதுதான் வந்தது. கையை நீட்டப் போய்த்தான் நாடாக்காரரின் கால் முறிந்தது. "இன்னும் ரெண்டு நிமிஷம் இருந்திருந்தா சார் கரையில நின்னு சிகரெட் பத்த வச்சிருப்பாரு" என்றார்.

நீ நினைத்தது போல நான் பெருந்தன்மையாக ஒன்றும் உட்கார்ந்திருக்கவில்லை. அவர் வாயிலிருந்து உன் கதை வந்தால் என் கதையும் பின்னாலேயே வரும் என்ற பயமும் இருந்தது. எவ்வளவு உனக்காக, எவ்வளவு எனக்காக என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. சைரனைப் பற்றி நீ என்னைத் திட்டும்போதெல்லாம் ஒரு பக்கம் எரியும், ஒரு பக்கம் நிம்மதியாக இருக்கும். தப்பான இடத்தில் அடிக்கிறாள், அடிக்கட்டும் என்று.

நீ எல்லாவற்றையும் உன் தலையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாய். நான் சுத்தமாக வெளியே வந்துவிட்டேன்.

தம்பி

*

ஜூன் 25

தம்பிக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். முதல் முறை படித்து முடித்ததும் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குக் கிளம்பினேன். தெருமுனை வரை போய்த் திரும்பிவிட்டேன். வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

பதினைந்து அடி. அதை நாடாக்காரர் என்னிடம் சொல்லவில்லை. எல்லோரும் சேர்ந்து என்னை எதிலிருந்தெல்லாம் காப்பாற்றுகிறீர்கள்.

பதினெட்டு நாளாக நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? அவர் தலையைத் தூக்கிய அந்த நிமிடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரை நான் ஒருத்திதான் கொன்றேன் என்று நம்பினேன். குளிக்கும்போது, வண்டி ஓட்டும்போது, கடையில் சில்லறைக்காக நிற்கும்போது. நீ அதை அப்படியே விட்டுவைத்தாய். வேலைக்குப் போனாய், கை குலுக்கினாய். அம்மா "அப்ப சரி" என்றபோது தலையாட்டினாய்.

கிழித்துப்போடு, போலீசில் கொடு என்கிறாய். சாமர்த்தியம்தான். கிழித்தால் நான் உன் கூட்டாளி. கொடுத்தால் தம்பியைக் காட்டிக்கொடுத்தவள். எதைச் செய்தாலும் முடிவு என்னுடையது, நீ வெறுமனே காகிதம் எழுதியவன். பாரத்தைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொள்ளப் பார்க்கிறாய்.

நான் கிழிக்க மாட்டேன். கொடுக்கவும் மாட்டேன். உன் கடிதம் என் மேசை இழுப்பறையில் இருக்கும். குழு அலுவலகம் எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும். நான் என் காலில் நடந்து போய் என் தப்பைச் சொல்லிவிட்டு வந்தேன். யாரும் என்னைத் தள்ளிக்கொண்டு போகவில்லை. நீயும் உன் காலில் போ. போகாவிட்டால் போகாதே. ஆனால் அதற்குப் பிறகு எனக்கு ஒரு வரிகூட எழுதாதே.

அக்கா

*

ஜூலை 4

அக்காவுக்கு,

முந்தாநாள் போனேன்.

திங்கட்கிழமையே போயிருக்க வேண்டியது. வாசல் வரை போய் டீக்கடையில் உட்கார்ந்து இரண்டு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். செவ்வாயும் அப்படியே. உன்னிடம் பொய் சொல்ல வேண்டாம் என்று இதையும் எழுதுகிறேன்.

அதே அதிகாரிதான். உட்காரச் சொன்னார். பதிவேட்டில் ஒரு நேரம் தப்பு சார், நான் எழுதினது என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "முடிஞ்சுபோன கேஸ் இது. உங்க மேல தப்பில்லன்னு கையெழுத்துப் போட்டாச்சு. இப்ப எதுக்கு வந்து சொல்றீங்க?" என்றார். "நாலு நிமிஷம் சார்" என்றேன். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னேன் போலிருக்கிறது. அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து புதுக் காகிதம் எடுத்தார்.

கட்டுப்பாட்டு அறையில் போன் செய்த ஆளின் பேரைக் கேட்டார். சொன்னேன். ஆனால் அவர் கத்தினார் என்பதற்காக என் கை மதகைத் தூக்கவில்லை, நான்தான் தூக்கினேன் என்றும் சேர்த்து எழுதச் சொன்னேன்.

மறுபடி வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இந்த முறை யாரும் கை கொடுக்கவில்லை. சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வழக்கு நீதிமன்றத்துக்குப் போகிறது. பதினெட்டாம் தேதி முதலாவது விசாரணை. சிறைக்குப் போக நேரலாம் என்று வக்கீல் சொல்கிறார். என் மனைவி இரண்டு நாளாக அழுதுவிட்டு, இன்று காலை என் சட்டைகளையெல்லாம் இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள்.

அம்மாவிடம் நானே சொன்னேன். எதிரில் உட்காரவைத்து, ஒன்று விடாமல். உன்னுடையதையும் என்னுடையதையும். முழுக்கக் கேட்டாள். பிறகு, "அந்தப் பிள்ளைக்கு உங்க ரெண்டு பேர் மேலயும் அவ்வளவு நம்பிக்கைடா" என்று மட்டும் சொன்னாள். அம்மா அவரை மாப்பிள்ளை என்று சொன்னதே இல்லையே, எப்போதும் அந்தப் பிள்ளைதான்.

உனக்கு எழுதலாமா என்று கேட்டுக்கொள்ளாமலே எழுதிவிட்டேன்.

தம்பி

*

ஜூலை 10

தம்பிக்கு,

கடிதம் வந்தது.

எனக்கும் பதினெட்டாம் தேதிதான் சம்மன். வரைபடத்தைப் பற்றி என்னை விசாரிப்பார்கள். அந்த நாலு நிமிடத்தைப் பற்றி மனைவி என்ற முறையில் என்ன சொல்கிறீர்கள் என்றும் கேட்பார்கள். உனக்காக மழுப்ப மாட்டேன். உண்மையைச் சொல்வேன். உன் வக்கீலிடம் முன்கூட்டியே சொல்லிவை.

பாலத்தடியில் இரண்டு சைரனும் சிவப்பு விளக்கும் பொருத்தும் வேலை அடுத்த வாரம் ஆரம்பிக்கிறது. மதியம் இரண்டு மணிக்கு, காற்று அடிக்கும் நாளாகப் பார்த்து அளக்கப்போகிறேன். அளவு சரியாக இருந்தால்தான் கையெழுத்துப் போடுவேன். வேறு யாரையாவது அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். அதிகாரி கேட்கவில்லை.

உன் மேல் எனக்கு இருக்கும் கோபம் குறையவில்லை. குறையும் என்று நான் சொல்லவும் இல்லை. அவர் நாடாவைச் சுற்றிக்கொண்டு வரும் அந்தப் பதினைந்து அடி தினமும் கண்ணில் வருகிறது. ஒவ்வொரு தடவையும் உன் முகமும் வருகிறது. என் மேல் உனக்கும் இருக்கும். இருக்கட்டும்.

நீதிமன்ற வராந்தாவில் காத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு பெஞ்சுதான் இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒன்பதரைக்கே வந்துவிடு, இல்லாவிட்டால் நாள் முழுக்க நிற்க வேண்டியிருக்கும். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. எனக்கு உன்னிடம் பேச எதுவும் இல்லை, நீயும் பேச வேண்டாம். அம்மா நடுவில் உட்காரட்டும்.

அக்கா